மூன்று முறை ‘பேசவும்’ என்று எழுதினேன்

தீவிலுள்ள ஒரு சிறு நகரத்தின் நிர்வாகத்தை நெடுங்காலம் பார்த்தவன் என்று என்னை அறிமுகம் செய்துவைக்கும்போது, கேட்பவர்கள் பெரும்பாலும் சாலைகளையும் கட்டடங்களையும் பற்றி விசாரிக்கிறார்கள். எனக்கோ அந்த ஆண்டுகளை நினைத்த மாத்திரத்தில் காலை ஆறு மணித் தொலைபேசி மணியே காதில் விழுகிறது. நீர்த்தேக்கத்தின் காவலர் அழைக்கும் மணி அது. கரையில் அளவுகோல் நட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கமாட்டார். நீருக்குள் இறங்கும் கல்படிகளைத்தான் பார்ப்பார்.

“சார், இன்னிக்கு இன்னொரு படி வெளியே வந்திருச்சு.”

இவ்வளவுதான் செய்தி. நான் அப்போது பூஜையறையில் பதிகம் ஓதிக்கொண்டிருப்பேன். ஐந்து வயதில் தகப்பனார் ஓதுவித்த பதிகங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் வரும். ஆனால் கோடை பிறந்துவிட்டால் நாவு பாடலில் இருக்கும், காது தொலைபேசியில் இருக்கும். இத்தீவுகளில் வற்றாத ஆறு கிடையாது. மழை ஓய்ந்த மாதங்களில், தேக்கத்தில் நிற்பதைப் பங்கிட்டுத்தான் ஊர் குடிக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று ஆணையிடுவது நகராட்சிச் செயலரின் வேலை. அந்தச் செயலராக நான் இருந்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டின் கோடையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

மாசி முடிகிற நேரம். குடிநீர்ப் பிரிவின் இளநிலைப் பொறியாளர் ஒரு கோப்புடன் வந்தார். இங்கேயே வண்டூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; வீட்டில் தமிழும் வெளியில் இந்தியுமாக இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார்.

“சார், ரெண்டு நாளுக்கு ஒரு தடவைங்கிறதை மூணு நாளாக்கணும். அபி சே. இப்பவே ஆரம்பிச்சாத்தான் மழை வரைக்கும் தாங்கும்.”

“பங்குனி உத்திரம் வருதேம்மா. காவடி எடுக்கிற வீடுகள்ல எல்லாம் உறவுக்காரங்க வந்து நிறைஞ்சிருப்பாங்க. அந்த நேரத்துல போய் தண்ணியைக் குறைக்கிறதா?”

“காவடிக்கு ஒரு நாள் சார். தேக்கத்துக்கு ரெண்டு மாசம் பாக்கி இருக்கு.”

“உத்திரத்தை ஒட்டி ஒரு மழை வரும்மா. நான் வந்த நாளா பார்க்கறேன், தவறினதே இல்லை.”

நான் கோப்பின் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்தச் சொல்லைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். ஒரு கோப்பை ஏற்கவும் மறுக்கவும் மனமில்லாத அதிகாரி, ஓரத்தில் ‘பேசவும்’ என்று குறித்துத் திருப்பி அனுப்புவது அலுவலக வழக்கம். கோப்பு அனுப்பியவர் மேசைக்கே போய்ச் சேரும். தாளைப் புரட்டிப் பார்க்கிற எவருக்கும், அனுப்பியவர் இன்னும் வந்து பேசவில்லை, ஆகவே தாமதம் அவருடையது என்றுதான் தோன்றும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் என் மேலதிகாரிகள் என் கோப்புகளில் அப்படி எழுதியபோது மனம் புழுங்கியவன்தான். பின்னர் அதே பேனாவை நானும் பிடித்தேன்.

பொறியாளர் வந்து பேசினார். கோப்பை மறுபடி வைத்தார். மறுபடி ‘பேசவும்’. உத்திரத்துக்கு நான்கு நாள் இருக்கையில் மூன்றாம் முறையும் அதையே எழுதினேன். ஒவ்வொரு முறையும், இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒப்படைத்தவனுக்கு உறக்கம் வர வேண்டுமே, எனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

உத்திரம் சிறப்பாக நடந்தது. குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடிகள் ஏறின. வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட அலகு குத்தி வந்தார்கள். நான் கும்பிட்ட கையோடு மேற்கே பார்த்தேன். வானம் துடைத்துவைத்த வெண்கலத் தாம்பாளம்போல் இருந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. காவலர் சில காலைகளில் இரண்டு படி என்றார். ஒரு காலையில், மனப்பாடமான பதிகத்தில் ஒரு பாட்டையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன் என்பது முடித்த பிறகே தெரிந்தது.

அன்று அலுவலகத்துக்குப் போன உடனே மழைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். பழைய ஆண்டுகளைத் தேதி வாரியாகப் புரட்டினேன். உத்திரத்தை ஒட்டி மழை பெய்த ஆண்டுகள் இருந்தன. பெய்யாத ஆண்டுகள் அவற்றைவிட அதிகம் இருந்தன. நனைந்துகொண்டே மலையிறங்கிய உத்திரங்களை மட்டும் மனம் சேர்த்துவைத்து, அதை நியதி என்று எனக்குக் காட்டியிருக்கிறது. அந்தப் பதிவேடு என் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில், எல்லா ஆண்டும், அலமாரியில்தான் இருந்தது.

பொறியாளரை அழைத்தேன். “மூணு நாள் முறைக்கு இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.”

“இப்ப மூணு போதாது சார். நாலு. அதுவும் மழை லேட்டானா பம்ப் சேத்தைத்தான் இழுக்கும்.”

நான்கு நாளுக்கு ஒரு முறை என்று கையெழுத்திட்டேன். தாளில் அது ஓர் இலக்கம். ஜங்லிகாட் பக்கத்து மேட்டுத் தெரு ஒன்றுக்கு அதன் முறை நாளன்று நேரில் போனபோதுதான் அதன் பொருள் தெரிந்தது. குழாயின் கடைசியில், சரிவின் உச்சியில் இருக்கிற வீடுகள். கீழ்த் தெருக்காரர்கள் நான்கு நாளைக்கும் சேர்த்துப் பிடிப்பதால், மேலே ஏறுவதற்குத் தண்ணீரில் விசையே இல்லை. வால்வு திறக்கும் ஊழியர் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “ஹவா தான் சாப் வருது” என்றார். குழாய்கள் ஒவ்வொன்றும் வெறும் காற்றில் இரைத்தன. வரிசையாக வைத்த நீல டிரம்கள் காலியாக நின்றன.

ஓர் அம்மாள் முன்னால் வந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து இத்தீவுகளின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். பிறகு மகனுடன் நகருக்கு வந்தவர்.

“வாங்க தொர, வாங்க. கொழாய்க்கிட்ட காத வச்சுக் கேளுங்க, நல்லா பாட்டு பாடுது.”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நான், “நாளைக்கு லாரியில அனுப்பச் சொல்றேன்மா” என்றேன்.

“நாளைக்கா? எங்கப்பாவும் அங்கிட்டு தோட்டத்துல தொரகிட்ட தண்ணி கேட்டாரு. அவரும் நாளைக்குன்னு தான் சொன்னாராம். கடலத் தாண்டி வந்தும் நமக்கு நாளைக்குத்தான்.”

“அரே சாச்சி, படா சாப் கோயில் ஆளு, மழைய வரவச்சிருவாரு,” என்று என்னைக் காட்டி அவரிடம் சொன்னான் பக்கத்து வீட்டு இளைஞன்.

“கோயிலுக்குப் போறவரு குளிச்சுட்டுத்தானே போறாரு? எந்தத் தண்ணில?”

என் குடியிருப்புக்கும் நான்கு நாள் முறைதான். ஆனால் மாடியில் பெரிய தொட்டி இருந்தது. அன்று மாலையே லாரியில் தண்ணீர் ஏற்றினோம். சரிவில் பாதி வரைதான் லாரி ஏறும். மீதித் தூரத்துக்குப் பெண்கள் குடத்தோடு இறங்கி ஏறினார்கள். அந்த அம்மாளும் ஏறினார், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. உரிய நாளில் நான் கையெழுத்திட்டிருந்தால் மூன்று நாள் முறையே போதுமாக இருந்திருக்கும்; குழாயில் விசை இருந்திருக்கும்; அவர் அந்தச் சரிவில் நிற்க வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு நாளும் எண்ணிக் கழித்த நாள். தேக்கத்தின் நடுவில் மண் திட்டு தெரிந்தது என்றார் காவலர். கோயிலில் மழைக்காகக் கூட்டு வழிபாடு ஏற்பாடாயிற்று. என்னையே முன்னின்று ஓதச் சொன்னார்கள். ஓதினேன். குரல் கேட்டவர்களுக்கு உருக்கமாக இருந்ததாம். எனக்கு அது, செய்ய வேண்டியதைச் செய்யாதவன் இன்னொருவர் வாசலில் நின்று மன்றாடுவதாகவே ஒலித்தது.

வைகாசி பிறந்த மூன்றாம் நாள், பம்ப் கலங்கல் நீரை இழுக்கத் தொடங்கியிருந்த நிலையில், மழை வந்தது. விடாமல் பெய்தது. மறுநாள் கோயில் குழுவினர் மாலையும் பிரசாதமுமாக என் அறைக்கு வந்தார்கள்.

“எல்லாம் உங்க வாக்குதான் ஐயா. மெயின்லேண்ட்ல இருந்து எவன் வந்தாலும் இப்படி நடந்திருக்காது.”

மாலையை மேசை மேல் வைக்கச் சொன்னேன். அவர்கள் வெளியேறிய சற்று நேரத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு வரைவைக் கொண்டுவந்தார். மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் எட்டாமல் போனதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வரைவில், கோப்பு மூன்று முறை ‘பேசவும்’ குறிப்புடன் திருப்பப்பட்டும் குடிநீர்ப் பிரிவு உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கண்டிருந்தது.

“இப்படியா நடந்தது?” என்றேன்.

“கோப்புல அப்படித்தானே சார் இருக்கு. உங்களுக்கு ரிட்டையர்மென்ட் நேரம். அந்தப் பொண்ணு சின்ன வயசு, சர்வீஸ் நிறைய பாக்கி இருக்கு, சமாளிச்சுக்கும்.”

அவர் என் மீதுள்ள அன்பினால்தான் அப்படிச் சொன்னார். அந்த வரைவை அவர் முன்னிலையிலேயே கோடிட்டு அடித்தேன். பொறியாளர் மூன்று முறையும் உரிய நாளில் வந்து பேசினார், தாமதம் செயலருடையது, காரணம், மழை வருமென்று சான்றின்றி நம்பியது. இவ்வளவையும் என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது ஓய்வூதியம், ஊரார் வாய், இதற்குப் பிறகு கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது என்று ஒவ்வொன்றாக வந்து அச்சுறுத்தியது. எழுதி முடித்துக் கையொப்பமிட்டேன்.

பொறியாளரை அழைத்துப் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“நன்றி சார்,” என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எழுதறதை நீங்க அப்பவே கோப்புல எழுதியிருக்கலாம். ஒரு கையெழுத்துதானே சார் கேட்டேன்.”

“ஆமாம்மா.”

“மேட்டுத் தெருவுக்கு இன்னும் விசை வரலை. லாரியை நிறுத்தாதீங்க. நான் போய் பார்த்துட்டு வர்றேன்.”

என் மீதான நடவடிக்கைக் கடிதம் பின்னர் வந்தது, கடிந்துரையோடு முடிந்தது. பொறியாளரிடம் அந்தத் தாளைக் காட்டிய அன்று மாலை கோயிலுக்குப் போனேன். மழை விடவில்லை, கற்பூர ஒளியில் எல்லோரும் மனம் நிறைந்து பாடினார்கள். சந்நிதியில் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஓதவுமில்லை. லாரி சரிவில் எதுவரை ஏறியிருக்கும், இந்த மழையில் அந்தச் சரிவு வழுக்குமே, குடத்தோடு அவர்கள் எப்படி ஏறுவார்கள் என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தீபாராதனை முடிவதற்குள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினேன்.