நான்கு அங்குலம்

பிறர் வண்டியின் இருக்கையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்திய பிறகுதான் லைல் வெல்ட்காம்ப் யாருக்கும் காலை வணக்கம் சொல்வார். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. இருக்கை கீழே போய் மேலே வருவதற்குள் அவருக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும். "ஸ்பிரிங் செத்துப்போச்சு." "முன்பக்கம் ஆயில் ஜாஸ்தி." "எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டியில எழுபத்தாறாம் வருஷத்து ஷாக் அப்சார்பர் எப்படிப்பா வந்து உக்காந்துச்சு?" சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். இப்போதெல்லாம் அவர் வருவதைப் பார்த்தாலே வண்டிக்காரர்கள் அவசரமாகத் தங்கள் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். உட்காராதவனாகப் பார்த்து அழுத்துகிறார்.

மிச்சிகனில், ஏரிக்கரையிலிருந்து அரை மணி நேரம் உள்ளே வந்தால் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் மணல் திடல் அது. மே முதல் செப்டம்பர் வரை பழைய மோட்டோகிராஸ் பைக்குகளின் ரேஸ் நடக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன் மேட்டிலும் பள்ளத்திலும் பறந்து பறந்து ஓடி, பிறகு யாரோ ஒருவருடைய கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளை எடுத்துவந்து, நட்டு நட்டாகக் கழற்றி, தேய்த்து, பொருத்தி, மறுபடியும் அதே மேட்டில் ஏற்றுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் வண்டிகளைவிட வயதானவர்கள். ஹெல்மெட்டையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருகிற ஆட்கள். தொடங்கும் இடத்தில் கொடி கிடையாது, விளக்கு கிடையாது. தடத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டையைத்தான் அந்தக் காலத்து வழக்கப்படி விடுவிப்பார்கள். பட்டை சுருண்டு ஓடியதும் இவர்களும் ஓட வேண்டியதுதான்.

லைலுக்கு எழுபத்தொன்று. கார் இருக்கை செய்யும் ஆலையில் அச்சு வெட்டி ஓய்வுபெற்றவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் தூக்கிக் குப்பையில் போட்டுப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. அவருடைய மைக்கோ வண்டியில் புது போல்ட் ஒன்றுகூட இருக்காது. பளபளக்கும் போல்ட்டைவிடப் பழுப்பேறிய பழைய போல்ட்டே மேல் என்பார். மட்கார்டின் மஞ்சள் அந்த வருஷத்து மஞ்சள்தானா என்று பார்க்க, கூடைக்குள் கையை விட்டு எலுமிச்சை தேடுகிறவரைப் போல பத்து வண்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியை ஏற்றும்போது மனைவி ஜோவான் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஓய்வுநாளில் ரேஸுக்குப் போகிறாரே, ஆண்டவர் என்ன சொல்வார் என்று சபையில் யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "ஆண்டவர் மன்னிச்சிடுவார். எங்க வீட்டுக்காரர்தான் யாரையும் மன்னிக்க மாட்டார்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். போன வருஷத்திலிருந்து அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

காரணம் வெண்டெல் போஸ்ட்மா. பள்ளிப் பேருந்து ஓட்டியவர், லைல் வீட்டிலிருந்து இரண்டு சோளக்காடு தள்ளி இருக்கிறார். பதினெட்டு வயதில் ஒரே திடலில் ஒருவர் மேல் ஒருவர் மண்ணை வாரி இறைத்துத் தொடங்கிய சிநேகிதம். லைலுடைய வண்டி அவருக்கு "ஜெர்மன் தகர டப்பா". வெண்டெலுடைய ஹஸ்க்வர்னா லைலுக்கு "ஸ்வீடன் தையல் மிஷின்". "என்னடா, இன்னிக்கு ரெண்டு சட்டையாவது தச்சு முடிப்பியா?" என்பார் லைல். "தச்சு முடிச்சு உனக்குப் போட்டும் விடுவேன், நீ அப்பவும் கடைசி வளைவுலதான் வந்துட்டு இருப்ப" என்பார் வெண்டெல். அந்தத் தையல் மிஷின் ஒரு கொட்டகையில் கோழி முட்டையிடும் இடமாக இருந்ததைக் கண்டுபிடித்து, மூன்று குளிர்காலம் தன் கராஜில் வைத்து உயிர்கொடுத்தவர் லைல்தான். எஞ்சின் அவர் பிரித்தது, சக்கரக் கம்பிகள் அவர் கோத்தது. வெண்டெல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டு, தவறான ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லைலின் வாழ்க்கையில் தவறான ஸ்பானர் கொடுத்தும் திட்டு வாங்காத ஒரே ஆள் அவர்தான்.

எழுபத்தைந்தாம் வருஷத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு ஒரு விதி உண்டு. பின்சக்கரம் மேலும் கீழுமாக நான்கு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அக்காலத்து வண்டிகள் அவ்வளவுதான் அசைந்தன. அதனால்தான் அக்காலத்து ஆட்களின் முதுகுகள் இப்படி இருக்கின்றன. போன வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் வெண்டெலுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு எஃகுக் கம்பிகளை வைத்துத் தைத்தார்கள். இனி வண்டி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வசந்தம் வந்ததும் வெண்டெல் ஏறினார்.

முதல் ரேஸிலேயே லைல் பார்த்துவிட்டார். அலை அலையாகக் குவிந்திருக்கும் மணல் மேடுகளில் வெண்டெல் முன்னால் போகிறார். அந்தப் பின்சக்கரம் போகக் கூடாத உயரத்துக்குப் போய்விட்டு வருகிறது. மத்தியானம் நேரே போய் இருக்கையில் கையை ஊன்றினார். பதமாக, வெண்ணெய் போல இறங்கியது. வெண்டெல் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். லைல் கையை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குத் திரும்பினார்.

ஒஹாயோவில் யாரோ செய்துகொடுத்த புது ஷாக். மேலே பழைய வண்ணத்தைப் பூசி, மணல் தேய்த்து, வயதாக்கியிருந்தார்கள். திடலில் எல்லோருக்கும் தெரியும். ரேஸ் நடத்தும் மார்வுக்கும் தெரியும். எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தார்கள். அந்த முதுகுக்கு அது இல்லாமல் முடியாது, அந்த மனிதருக்கோ ரேஸ் இல்லாமல் முடியாது. லைலுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அவர் நெஞ்சில் குத்தியது வேறு. மூன்று குளிர்காலம் அந்த வண்டியோடு கிடந்தவர் இரண்டு காடு தள்ளி இருக்கும்போது, ஒஹாயோக்காரனிடம் போய்விட்டானே என்பதுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. விதி சொல்லத் தெரியும். அடுத்த வாரம் மார்விடம் போய், "வெண்டெல் வண்டி மேல புகார். அளந்து பாரு" என்றார்.

"யோசிச்சுச் சொல்லு, லைல்" என்றார் மார்வ்.

"யோசிக்க என்ன இருக்கு? டேப் இருக்கு, வண்டி இருக்கு."

புகார் வந்துவிட்டால் அளந்துதான் ஆக வேண்டும். எல்லோர் முன்னாலும் ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் தூக்கி, டேப்பை வைத்தார்கள். நாலே முக்கால். வெண்டெலின் பெயரை அந்த நாள் பட்டியலிலிருந்து அடித்தார்கள்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார் வெண்டெல்.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றார் லைல்.

வெண்டெல் வண்டியைத் தூக்கி ஏற்றுவதற்கு நான்கு பேர் ஓடிவந்தார்கள். லைல் நகரவில்லை. அன்று போனவர்தான் வெண்டெல்; பிறகு திடல் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு லைலுக்கு வெற்றிமேல் வெற்றி. எழுபதைத் தாண்டியவர்களின் பிரிவில் அவரைத் துரத்த ஆளே இல்லை. பரிசாகக் கொடுக்கும் மரப்பலகைகளை வீட்டில் மாட்டுவதில்லை. வண்டியைத் தூக்கும் ஜாக்கி மணலில் புதையாமல் இருக்க அதற்கு அடியில் போட்டுக்கொள்கிறார். அவருடைய வண்டிக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் வண்டியை நிறுத்துவதில்லை. கேள்வி கேட்க மட்டும் வருகிறார்கள், ஏனென்றால் எந்த வண்டி அசல், எது ஒட்டுப்போட்டது என்பதில் அவர் சொல்தான் இங்கே கடைசிச் சொல். யாராவது வெண்டெல் பேச்சை எடுத்தால், "வருவான், வருவான். முதுகு சரியாகட்டும்" என்பார். முதுகு காரணமில்லை என்று திடலுக்கே தெரியும். ஆனாலும் வெண்டெல் வருவான் என்ற அந்த ஒன்றுக்காகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வாசல் வழியாக வரும் ஒவ்வொரு டிரக்கையும் நிமிர்ந்து பார்ப்பார், மறுபடியும் குனிந்துகொள்வார்.

இந்த செப்டம்பர் கடைசி ரேஸில் அந்த டிரக் வந்தது. ஓட்டிவந்தவள் வெண்டெலின் மகள் ஹெய்டி. பின்னால் ஹஸ்க்வர்னா. கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது: விற்பனைக்கு.

லைல் கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டுப் போனார். "ஹெய்டி, இதை யாருக்கும் காட்டாத. நானே எடுத்துக்கறேன். கேக்கறதைத் தரேன்."

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரை லைல் அங்கிள் என்று கூப்பிட்டவள் அவள். "உங்களுக்கு இல்ல, மிஸ்டர் வெல்ட்காம்ப்" என்றாள். "யாருக்கு வேணாலும் குடுன்னு அப்பா சொன்னார். உங்க பேரை மட்டும் தனியாச் சொன்னார்."

அவர் அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளைஞன் வந்தான். பிராடி என்று பெயர். கிராண்ட் ராப்பிட்ஸில் பீர் கடை திறக்கிறானாம். கல்லாவுக்கு மேலே சுவரில் மாட்ட ஒரு பழைய வண்டி வேண்டுமாம். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பிறகு லைலிடம் வந்தான். "சார், உங்களைக் கேட்டுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. இது ஒரிஜினல்தானே? ஏதாவது மாத்தியிருந்தா வேண்டாம், என் பார்ட்னர் ஒத்துக்க மாட்டான்."

லைல் ஹெய்டியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இருக்கையில் கைகளை ஊன்றி அழுத்தினார். கட்டையாக இறங்கி, கட்டையாக ஏறியது. நான்கு அங்குலம், ஒரு மயிரிழை கூடுதல் இல்லை. ஒஹாயோ ஷாக்கைக் கழற்றிவிட்டு, லைல் தன் கையால் புதுப்பித்துக் கொடுத்த பழையதையே வெண்டெல் திரும்பப் பொருத்தியிருந்தார். இப்போது இருக்கிற நிலையில் இந்த வண்டியில் வெண்டெல் ஒரு சுற்றுகூடப் போக முடியாது. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறான்.

ஒரே ஒரு சொல் போதும். 'சந்தேகமா இருக்கு' என்று வாயைத் திறந்தால் இந்தப் பையன் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விடுவான். ஹஸ்க்வர்னா வெண்டெலின் கொட்டகைக்கே திரும்பும். கொட்டகையில் வண்டி இருக்கும்வரை, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவன் வந்துதானே ஆக வேண்டும். லைலுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு வளைகிற நாக்கு என்றால் அன்றைக்கும் வளைந்திருக்கலாமே. அன்று சொன்னது விதிக்காக இல்லை, வயிற்றெரிச்சலுக்காக என்று அவரே எழுதிக் கொடுத்ததாகிவிடாதா? அதை ஏற்றுக்கொள்ளும் தெம்பு அவருக்கு இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார். "நட்டு, போல்ட்டு வரைக்கும் அந்தக் காலத்துதுதான். தைரியமா வாங்கு."

பிராடி சந்தோஷமாகக் கையைக் குலுக்கிவிட்டுத் தன் டிரக்கைக் கொண்டுவரப் போனான். ஹெய்டி இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்பா சொன்னது சரியாப் போச்சு. 'லைலைக் கேக்கச் சொல்லு, அவன் பொய் சொல்ல மாட்டான். வண்டி உடனே வித்துடும்'னார்."

யாரோ லைலை எல்லோர் முன்னாலும் கழற்றி அளந்து பார்த்ததுபோல முகம் வெளுத்துவிட்டது.

பிராடி திரும்பி வந்து, "சார், டேங்க்ல பெட்ரோல் இருக்குபோல. சுவத்துல மாட்டறது, நாத்தம் வரக் கூடாது. எப்படி எடுக்கறது?" என்றான்.

"தள்ளு" என்றார் லைல். மண்டியிட்டு, குழாயை உருவி, டேங்க் திருகைத் திறந்து, தன் கேனை அடியில் வைத்தார். பச்சை கலந்த பெட்ரோல் நூலாக இறங்கியது. விளக்கெண்ணெய் வாடை குப்பென்று எழுந்தது. எல்லோரும் புது ஆயிலுக்கு மாறிய பிறகும் வெண்டெல் மட்டும் பெட்ரோலில் விளக்கெண்ணெயைத்தான் கலப்பார். பிஸ்டனில் பசைபோல ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டுகூட என் மைக்கோ பக்கம் வரக் கூடாது என்று லைல் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்.

"காலையில அப்பாவே கலந்து ஊத்தினார்" என்றாள் ஹெய்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுட்டு அணைச்சுட்டார்."

எழுபதைத் தாண்டியவர்கள் வரிசைக்கு வரலாம் என்று ஒலிபெருக்கியில் மார்வ் கூப்பிட்டார். லைல் கேனைத் தூக்கிக்கொண்டு தன் வண்டிக்கு வந்தார். டேங்கில் அவர் அளந்து கலந்து வைத்திருந்த பெட்ரோல் நிறைந்திருந்தது. அதை முழுவதும் வேறொரு டப்பாவில் வடித்தார். மார்வ் மறுபடியும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். லைல் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெண்டெலின் பெட்ரோலைத் தன் டேங்கில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து, மூடியை இறுக்கி, கிக்கரை ஓங்கி மிதித்தார்.