ஸ்வெட்டர் போட்ட ஆடு

ஸ்வெட்டர் போட்ட ஆட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன மாதப் புயலுக்குப் பிறகு, நம் புதுவையிலேயே, கடற்கரையை ஒட்டிய ஒரு பங்களா வாசலில். ரோஜா நிற ஸ்வெட்டர். முன்னங்கால்களுக்குக் கைகூட வைத்துப் பின்னியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என்னிடம் அப்படி ஒரு ஸ்வெட்டர் இன்றுவரை கிடையாது.

புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஓடும் பறந்திருக்கும். வீராம்பட்டினத்து மீனவக் குடிசைகளில் பறப்பதற்கு ஓடு ஏது? கூரைகளே போய்விட்டன. அந்த ஜனங்களை உப்பளத்தில் ஒரு பழைய கிடங்கில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். வந்தவர்கள் தனியாக வரவில்லை. கோழி, வாத்து, நாய், ஆடு... எது கைக்கு அகப்பட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சட்டி பானையை விட்டுவிட்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவரிடம், "இதைப் போய் எடுத்து வந்தீரே?" என்று கேட்டேன்.

"சட்டி என்னப் பாத்து ஊளை வுடலியே சார்..." என்றார்.

 

கிடங்கில் கஞ்சி ஊற்றியவர்கள் மனிதர்களுக்கு மட்டும் ஊற்றினார்கள். உத்தரவு அப்படி. வாங்கியவர்கள் அதில் பாதியை நாய்க்கு ஊற்றினார்கள். அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை.

இதைப் பார்த்துக் கண் கலங்கிப்போனவர் மதாம் ரொசாலி. நம்ம ஊர்க்காரர்தான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவரோடு பாதி ஆயுளைச் சைகோனில் கழித்துவிட்டு, அவர் காலமான பிறகு திரும்பி வந்து அந்தப் பங்களாவில் தனியாக இருக்கிறார். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளாதவர். தமிழ் நன்றாகவே பேசுவார் – கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு.

மதாம் ஒரு குழு அமைத்தார். "புயலில் தவிக்கும் வளர்ப்புப் பிராணிகள் சகாயக் குழு." பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு புயல் வந்துவிடும். தலைவர், மதாம். பொக்கிஷதார், துணிக்கடை காதர் பாய். காரியதரிசி... வேறு யார்? பத்தி எழுதுகிறவனுக்கு வேறு வேலை இருக்காது என்பதை எல்லாக் குழுக்களும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன!

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல். வளர்ப்புப் பிராணி என்றால் எது? தெருவில் திரிவதற்கெல்லாம் தீனி போட்டு மாளுமா?

மதாம் ஒரே வரியில் தீர்த்து வைத்தார். "கழுத்தில் பட்டை இருந்தால் வளர்ப்பு. இல்லாவிட்டால் தெரு."

சைகோனில் அது சரி. வீராம்பட்டினத்து நாய் பட்டைக்கு எங்கே போகும்? ஆனால் ஜனங்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கிடங்கில் கழுத்து என்று ஒன்று இருந்த எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று கட்டியிருந்தது. சேவலுக்கு வலைக்கயிறு. வாத்துக்குப் பாவாடை நாடா. உப்பளத்துத் தெரு நாய்கள்கூட எங்கிருந்தோ கயிறு கட்டிக்கொண்டு வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

"கல்யாண வூட்ல மோதரம் போட்டவங்களுக்குத்தான் சாப்பாடுன்னு சொல்லிப் பாருங்க... இதேதான் நடக்கும்" என்றார் காதர் பாய்.

இத்தனைக்கும் நடுவில், யாரும் சொல்லாமலே, முன்பே கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு சின்ன ஆட்டுக் கிடா நின்றிருந்தது. மஞ்சள் துணி. மீன் விற்கும் அஞ்சலை வளர்த்த கிடா.

மஞ்சள் துணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். காதர் பாய்க்கும் தெரியும். அஞ்சலையின் புருஷன் மாணிக்கம் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன். உடன் போனவர்கள் எப்படியோ கரை ஏறிவிட்டார்கள். அவனை மட்டும் அலை பிரித்துக் கொண்டுபோய்விட்டது. "அவர கரை சேத்துடு சாமி, இத உனக்குக் குடுத்துடறேன்" என்று தோப்பு முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய துணி அது.

மதாமுக்கு அது தெரியாது. சைகோனில் முனீஸ்வரன் இல்லை.

"எத்தனை அழகாகக் கட்டியிருக்கிறாள், பாருங்கள்!" என்று உருகிப்போனார். கிடாவுக்கு இருமல் வேறு. உடனே பங்களாவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னார். அஞ்சலை கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா பாத்துக்கோங்க மதாம்மா. எளைச்சி மட்டும் போயிடக் கூடாது" என்றாள்.

"என்ன பாசம்! என்ன பாசம்!" என்றார் மதாம் என்னிடம்.

நான் காதர் பாயைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க, எழுத்துக்காரர்" என்றார் அவர் மெதுவாக. "நீங்க சொல்லுங்க பாய், வியாபாரி" என்றேன் நான். "மொதல்ல ஆளு வரட்டும்" என்று இருவரும் முடிவு செய்தோம். நாட்டில் முக்கால்வாசி விஷயங்கள் இப்படித்தான் முடிவாகின்றன.

கிடாவுக்கு மிமி என்று பெயர் வைத்தார் மதாம். பெண் பெயராம். கிடாவுக்கு ஆட்சேபணை இல்லை. பாலில் ஊறிய ரொட்டி தின்றது. காரட் தின்றது. தினமும் காலையில் தோட்டத்தில் வெந்நீர்க் குளியல். பிறகு பூத்துவாலையால் துவட்டல். பிறகு அந்த ஸ்வெட்டர். அதன்பின் மதாமோடு ரிக்‌ஷாவில் ஏறி நன்கொடை வசூலுக்குக் கிளம்பும்.

நன்கொடை எப்படிக் குவிந்தது என்கிறீர்கள்! கிடங்கு ஜனங்களுக்கு அரிசி கேட்டு நாங்கள் போனபோது "வீட்டில் பெரியவங்க இல்லை" என்று சொன்ன அதே பெரியவர், மிமியைப் பார்த்ததும் செருப்புப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்தார். ஓர் அம்மாள் கம்பளி கொடுத்தார். இன்னொருவர் சின்னதாக ஒரு தலையணை. கிடங்கில் சாக்கில் படுத்திருந்த குழந்தைகளைப் பற்றி நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். "பாவம்" என்றார்கள். "இதற்குப் பெயர் என்ன?" என்றார்கள்.

நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. அந்தப் பணத்தில்தான் தவிடும் நொய்யும் வாங்கினோம். இடிந்த குடிசைகளை விட்டு வர மாட்டேன் என்று வீராம்பட்டினத்திலேயே கிடந்த நாய்களுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தோம். கஞ்சியில் பாதியைப் பங்கு போட்ட ஜனங்கள், முழுக் கஞ்சியும் குடித்தார்கள். மிமியின் புண்ணியம்.

அப்புறம் மாணிக்கம் வந்தான்.

தெற்கே எங்கோ கரை ஒதுங்கி, யார் குடிசையிலோ காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக நடந்தே வந்து சேர்ந்தான். கிடங்கே அழுதது, சிரித்தது. மறுநாள் காலை அஞ்சலை பங்களா வாசலில் நின்றாள். விஷயம் தெரிந்து நானும் காதர் பாயும் ஓடினோம்.

தோட்டத்தில் மிமியின் குளியல் நடந்துகொண்டிருந்தது. மதாம் சொம்பால் ஊற்ற ஊற்ற, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் வந்துவிட்டானாமே! விருந்து உண்டா?" என்றார் மதாம் சந்தோஷமாக.

"உண்டு மதாம்மா. வெள்ளிக்கெழம தோப்புல. அதான்... ஆட்ட ஓட்டிக்கினு போலாம்னு வந்தேன்."

"மிமியும் விருந்துக்கு வருமா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் காதர் பாயைப் பார்த்தேன். காதர் பாய் ஒரு செம்பருத்திப் பூவைப் பார்த்தார்.

"விருந்தே அதான் மதாம்மா" என்றாள் அஞ்சலை.

அடுத்த கால் மணி நேரம் முழுக்கப் பிரெஞ்சு. எனக்கு அதிகம் புரியவில்லை என்றாலும், பாராட்டு இல்லை என்பது புரிந்தது. கடைசியில் தமிழுக்கு வந்தார். "தர மாட்டேன். நீ வளர்த்ததை நீயே வெட்டுவாயா? உனக்கு மனசு இல்லை?"

"மனசு இருக்குது மதாம்மா. அடுப்புந்தான் இருக்குது." அஞ்சலையின் குரல் உயரவில்லை. "நேர்ந்தத குடுக்காத ஆள கட்டுமரத்துல ஏத்த மாட்டேன்னு கூட்டாளிங்க சொல்லிட்டாங்க. ஏத்தினா எல்லாரும் முழுகிப்புடுவோம்னு பயப்படறாங்க. அவரு கடலுக்குப் போவலன்னா நாங்க இன்னாத்த துன்றது? இப்டியே கெடங்குலயே கஞ்சி வாங்கிக் குடிச்சிக்கினு கெடக்கறதா?"

மதாம் சொம்பில் மிச்சமிருந்த நீரை மிமியின் மேல் ஊற்றினார். அது அசையாமல் நின்றது. துவாலைக்காகத் தலையைத் திருப்பியது.

அஞ்சலை அதைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ஒண்ணு செய்யலாம் மதாம்மா. எங்க வழக்கத்துல சாமி கிட்ட உத்தரவு கேப்போம். மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க. ஆடு ஒடம்ப சிலுப்பிக்கிச்சின்னா சாமி ஏத்துக்கிச்சின்னு அர்த்தம். சிலுப்பலன்னா... வேணான்னு அர்த்தம். சாமியே சொல்லட்டும். நீங்களும் வாங்க."

வெள்ளிக்கிழமை தோப்புக்குப் போனோம். மதாம் கறுப்பு உடுப்பில் ரிக்‌ஷாவில் வந்தார், அடக்கத்துக்குப் போவது போல. மடியில் மிமி. பின்னால் ஒரு மாட்டு வண்டியில் காதர் பாய்.

மாணிக்கம் ஒரு பக்கம் நின்றான். அவன் கட்டுமரத்துக் கூட்டாளிகள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்த இடைவெளிதான் எனக்கு உறுத்தியது.

பூசாரி மிமியைப் பார்த்து முகம் சுளித்தார். "மொதல்ல சட்டையக் கழட்டுங்க. சாமி முன்னாடி யாரா இருந்தாலும் வெத்து ஒடம்போடத்தான் நிக்கணும்."

ஸ்வெட்டர் இறங்கியது. மாலை ஏறியது. அரிவாள் வந்தது. பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் நீரைத் தலையிலிருந்து வால் வரை ஊற்றினார்.

மிமி கண்ணை மூடிக்கொண்டது.

இன்னொரு சொம்பு. அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதுக்குப் பின்னாலும் ஊற்றும்படி காட்டியது. பூசாரி குடத்தையே எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சிலிர்ப்பு? ஊகூம். நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு மதாமைத் தேடியது... துவாலை எங்கே என்று.

"உத்தரவு வரல" என்றார் பூசாரி, கொஞ்சம் மிரண்டுபோய்.

கூட்டாளிகள் முணுமுணுத்தார்கள். சாமிக்கு வேண்டாம் என்றால் மன்னிப்பா? கோபமா? மாணிக்கத்தின் முகம் செத்துவிட்டது.

அப்போது அஞ்சலை முன்னால் வந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மீன் விற்கிற அதே குரலில் முனீஸ்வரனிடம் பேசினாள்:

"இந்தா சாமி... நான் சொன்ன சொல்லு தவறல. புள்ளையாட்டம் வளத்தத கொண்டாந்து உன் முன்னால நிறுத்திட்டேன். நீதான் வேணான்ட்ட. நாளைக்கி எம்மேலயும் எம் புருஷன் மேலயும் கோச்சிக்கக் கூடாது. ஏம்ப்பா, எல்லாரும் பாத்துக்கினீங்க இல்ல?"

கூட்டாளிகளில் மூத்தவரான கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "பாத்துக்கினோம் அஞ்சலை... நீ குடுத்துட்ட, அது சரிதான். ஆனா அருவா எடுத்தாச்சே. ரத்தம் படாம காஞ்ச அருவாள வெச்சிட்டுக் கடலுக்குப் போறதுன்னா..."

காதர் பாய் இருமினார்.

"வண்டியில ஒண்ணு இருக்குது" என்றார்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு விவசாயியிடம் அன்று காலைதான் வாங்கியிருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று. எந்தப் பணத்தில்? நான் கண்ணாலேயே கேட்டேன். "குழுப் பணந்தான். ஒரு வளர்ப்புப் பிராணியக் காப்பாத்தற செலவு. தப்பா காரியதரிசி?" என்று காதோடு சொன்னார். சட்டப்படி எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அந்த ஆடு வெந்நீர் கண்டதில்லை. பூசாரி விரலால் தெளித்த முதல் துளிக்கே உடம்பெல்லாம் சிலிர்த்து உதறியது. தோப்பே குலவையிட்டது. கூட்டாளிகள் மாணிக்கத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். அவன் தோளில் கோவிந்தன் கை போட்டபோது, அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திங்களன்று மாணிக்கம் கடலுக்குப் போனான்.

விருந்து பலமாக நடந்தது. காதர் பாய் மட்டும் "நமக்கு வேணாம்" என்று தோப்போரம் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தார். மதாம் மரத்தடியில் உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டார். மடியில் மிமி, ஸ்வெட்டரோடு, தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

"எனக்கு அப்போதே தெரியும். உங்கள் சாமி நல்லவர்" என்றார் மதாம் என்னிடம். பிறகு அஞ்சலையிடம், "குழம்பு பிரமாதம். இன்னும் கொஞ்சம் போடு."

அஞ்சலை போட்டாள். குனிந்தபோது மிமியின் நனைந்த காதை ஒரு தரம் பிடித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் எதையும் கேட்கவில்லை. உத்தரவு வந்த பிறகு கேள்வி எதற்கு?

வண்டியில் வந்த அந்த ஆட்டின் கழுத்திலும் ஒரு கயிறு இருந்தது. எங்கள் குழுவின் விதிப்படி அதுவும் வளர்ப்புப் பிராணிதான் – பெயர்தான் யாரும் வைக்கவில்லை!