ஆறிய வண்டியைத்தான் கொண்டுவரச் சொன்னார்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. வார்டில் பொறுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் அண்ணனின் மனைவி செல்வி அண்ணியிடமிருந்து அழைப்பு. "சிஸ்டர், அவரு போய்ட்டாரு" என்றார். "எங்கே போனார்?" என்று கேட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் செவிலியராக இருப்பவள் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஜெயசீலன் அண்ணன், அன்று காலை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

அவரை அறியாதவர்களுக்காக, அவரை நான் அறிந்த விதத்தைச் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் பழைய கார் என் கைக்கு வந்தது. காலையில் கிளப்பினால் உடம்பெல்லாம் உதறும். ஐந்து நிமிடம் ஓடியதும் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டிக் கிடக்கும். ஒரு மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில், ஆயில் கசியாமல் தடுக்கும் பேக்கிங்கை மாற்றினார். இன்னொருவர் இன்ஜினையே இறக்க வேண்டும் என்று பயமுறுத்தினார். மூன்றாவதாகத்தான் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"சூடா கொண்டாந்து நிறுத்துனா அது இன்னா சொல்லும் சிஸ்டர்? நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லும். விட்டுட்டுப் போங்க. காலையில ஆறி இருக்கறப்போ பாக்கறேன்."

"டியூட்டிக்கு நான் எப்படிப் போறது?"

"ஷேர் ஆட்டோல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதைக் கவனிக்காமல் முன்கண்ணாடியில் சோப்புக் கட்டியால் 'காலை வரை தொடாதே' என்று எழுதினார். தோல் தொழிற்சாலை மேலாளர் ஒருவரும் இதே கண்டிப்புக்குக் கத்தியிருக்கிறாராம். "ரத்த டெஸ்டுக்குப் போனா சாப்புடாமதானே சார் போறீங்க?" என்று கேட்டு அவரையும் அண்ணன் ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் வேடிக்கை பார்க்கவே போனேன். அண்ணன் வண்டியைக் கிளப்பினார். உதறியது. நான் பேச வாயெடுத்தேன். விரலைக் காட்டி அடக்கிவிட்டார். இன்ஜினுக்குள் தீப்பொறி கொடுக்கும் பிளக்குகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் இரண்டைப் பிடுங்கியபோது இன்ஜின் திணறியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. "இது வேலையே செய்யல" என்றார். பிளக் குழிக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு எடுத்தார். துணி முழுக்க ஆயில்.

"இன்ஜின் மேல இருக்கற மூடி, டேப்பட் கவரு, அதோட பேக்கிங் காஞ்சு போச்சு. ஆயில் குழியில தேங்கி கரண்டைத் தடுக்குது. மிச்சம் வழிஞ்சு கீழ சொட்டுது. இன்ஜின் சூடாயிட்டா சமாளிச்சுக்குது. அவ்ளோதான்."

ஒரு ரப்பர் பேக்கிங், ஒரு பிளக். அன்றிலிருந்து வண்டி உதறியதே இல்லை. ஞாயிறு ஆராதனையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியைத்தான் முதலில் விசாரிப்பார், பிறகுதான் என்னை. நகத்தோரம் கறுப்பு இருக்கும். வேட்டி மட்டும் பளீரென்று இருக்கும்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

போன மாதம் ஆயில் மாற்றப் போயிருந்தேன். "காலையில ஷட்டர் தூக்கறப்போ நெஞ்சை இறுக்குது சிஸ்டர். ரெண்டு வண்டி பாத்தா சரியாப் போய்டுது" என்றார். நான் சிரித்தேன். "என் வண்டி மாதிரி காலையில மட்டும் உதறுதா, உங்களுக்கும் கோல்டு ஸ்டார்ட்ல மிஸ்ஸிங்காண்ணே?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

வந்தார். ஷெட்டைத் திறந்து, இரண்டு வண்டி பார்த்து முடித்து, பதினொரு மணிக்கு வந்தார். வாசலிலிருந்து போன் செய்தார். "இப்போ ஒண்ணும் இல்ல சிஸ்டர். கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. கெளம்பட்டா?" எனக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது. "சரிண்ணே, வலிச்சா வாங்க" என்றேன்.

சூடாக வந்து நின்ற வண்டியை நம்பக் கூடாது என்று ஊருக்கே சொன்ன மனிதர், தானே அப்படி வந்து நின்றார். அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட நான் நம்பினேன்.

அடக்கம் முடிந்து செல்வி அண்ணியோடு ஷெட்டுக்குப் போனேன். "காலையில மட்டும் வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாரா சிஸ்டர்?" என்று அண்ணி கேட்டார். "சொன்னாரு அண்ணி" என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே, திங்கட்கிழமை மாலை யாரோ விட்டுப்போன வெள்ளைக் கார் ஒன்று நின்றது. பானெட்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. முன்கண்ணாடியில் அண்ணனின் எழுத்து அப்படியே இருந்தது: 'காலை வரை தொடாதே.'

போய் வாருங்கள் அண்ணே. நன்றாக ஓடுகிறது என்று சொல்லி எந்த வண்டியையும் நீங்கள் வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. உங்களை நான் அனுப்பிவிட்டேன்.