குதித்தவனும் விழுந்தவனும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், குற்றாலத்தில் அருவிப் பாறை உச்சியிலிருந்து கீழே தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஆழமான கசத்துக்குள் குதிப்பதுதான் என் தொழில். சாரல் விழுந்தால் ஊர் ஊராகக் குளிக்க வருவார்கள். குளித்து முடித்ததும் ஒருவன் சாவதைப் பார்க்கிற ஆசையும் அவர்களுக்கு வரும். நான் உயிரோடு மேலே வந்துவிட்டால் சற்று ஏமாற்றம்தான் என்றாலும், பெருந்தன்மையாக என் துண்டில் ஏதாவது போடுவார்கள்.

ஒரு வருஷம் ஆசை மிஞ்சி, தென்காசியில் நோட்டீஸ் அடித்தேன். 'அருவியில் குதிக்கிறார்' என்று எழுதிக் கொடுத்ததை அச்சாபீஸ்காரர் 'அருவியில் விழுகிறார்' என்று மாற்றிவிட்டார். அருவியும் விழுகிறது, நீரும் விழுகிறீர், பொருத்தமாக இருக்கிறதே என்றார். ஒருத்தி கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது மட்டும் அந்தத் தமிழ்ப் பண்டிதருக்குத் தோன்றவில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. நான் கசத்திலிருந்து கரையேறியதும் ஈரத்தோடு பிடித்துக்கொண்டு போய்த் தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டார். தமுக்கடித்து ஊரைக் கூட்டி, ஐந்து வருஷமாகத் தற்கொலைக்கு முயன்று, ஒரு தடவைகூடத் தேறாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூண்டில் ஏறி இரண்டே விஷயம் சொன்னால் போதும் என்றார் வக்கீல். நான் விழவில்லை, குதித்தேன். அங்கே ஆபத்து எதுவும் இல்லை. முதலாவது சுலபம். இரண்டாவதைச் சொன்னால் பிறகு எவன் என்னைப் பார்க்க வருவான்? ஆனால் ஜெயில் பயம் ஜெயித்தது. கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்துவிட்டுத்தான் குதிப்பேன், என் வீட்டுக் கிணற்றில் குதிப்பது மாதிரிதான் என்று கோர்ட்டு நிறைந்த கூட்டத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே விடுதலை செய்தார். வெளியே வந்து, அவமானம் தாங்காமல் அழுதேன்.

அடுத்த சாரலில் நான் உச்சியில் நின்றேன். கீழே எல்லாரும் வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்தார்.

"ஆபத்து இல்லன்னு கோர்ட்லயே சொல்லிட்டான்லா. இதுல பாக்க என்ன கெடக்கு?" என்று அவரும் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமான இடத்தை விட்டு, பாசி படிந்த ஓரத்தில் கால் வைத்தேன். வழுக்கிவிட்டது. கசத்தின் விளிம்புப் பாறையில் மோதி இடது கால் முறிந்தது. வடையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். எனக்கு அப்படியொரு கூட்டம் அதற்கு முன் கூடியதே இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதே சப்-இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் பிரித்தார்.

"இப்பம் சொல்லும் வே. குதிச்சீரா, விழுந்தீரா?"

அத்தனை வருஷத்தில் அன்றுதான் நான் நிஜமாகவே விழுந்திருந்தேன். வலியில் உயிர் போயிற்று.

"குதிச்சேன்யா" என்றேன்.