பிரசிடெண்ட் தின்ற கீரை

மழையில் ஊறிய மல்லாட்டைக் கொடியின் வாசனை மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் சாவுதான் நினைவுக்கு வருகிறது. ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் காலனிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே ஊர்ப் பிரசிடெண்ட் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் நிலம் கிடந்தது. இருந்த வண்டிப்பாதையையும் அவர் உழுது சேர்த்துக்கொண்டபின், செத்தவர்களை நாங்கள் வரப்பு வரப்பாகத்தான் தூக்கிப் போனோம். ஓர் ஐப்பசி மழையில் அப்பாவின் பெட்டி தோளிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்து மூடி திறந்துகொண்டது. அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனுக்கும் இதே கதிதானா?" என்று கேட்டாள். பெட்டியை மறுபடி தோளில் ஏற்றினோம்.

எங்கள் வேதக் கோயிலில் ஞாயிறுதோறும் ஆளுகிறவர்களுக்காக ஜெபம் உண்டு. ஆராதனை நடத்தும் உபதேசியார் ஜனாதிபதியில் தொடங்கி, கலெக்டர் வழியாக இறங்கி, பிரசிடெண்ட்டில் வந்து முடிப்பார். பிறகு சபையாரும் வாய்விட்டு வேண்டிக்கொள்ளலாம். அப்பாவை அடக்கம் செய்த வாரத்திலிருந்து அந்த இடத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். மேட்டிமை பிடித்த பாபிலோன் ராஜாவை ஆண்டவர் அரண்மனையிலிருந்து துரத்தி மாட்டைப்போலப் புல் மேயவிட்டதும், அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தபின் புத்தி தெளிந்ததும் அவளுக்கு மனப்பாடம்.

"ஆண்டவரே, அந்த ராஜாவ புல்லு துன்ன வெச்சியே, எங்க பிரசிடெண்ட்டையும் கொஞ்ச நாளு துன்ன வெச்சிப் பாரு. பொணத்துக்கு வழி வுடுவாரு" என்பாள்.

"ஏம்மா, ஜெபத்துல ஆளச் சொல்லாத. அவரு காதுக்குப் போனா பேஜாரு" என்று உபதேசியார் பதறுவார்.

"மேல கீறவரு காதுக்குப் போவட்டும்னுதான சொல்றேன்."

மறுவருஷம் அது நடந்தேவிட்டது. பிரசிடெண்ட்டுக்குச் சர்க்கரை வந்து, விழுப்புரம் டாக்டர் அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த ரோஸி அக்கா ஓடிவந்து, "மூணு வேளயும் கீரதான் துன்னுக்கினு கீறாரு" என்றதும் காலனியே முழங்கால் போட்டது. கீரைக்கும் புல்லுக்கும் ஆண்டவர் பெரிய வித்தியாசம் பார்க்கமாட்டார் என்று எல்லோரும் நம்பினோம்.

இனி அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சில வாரம் பொறுத்த அம்மா, ஒரு கூடை தொய்யக்கீரை பறித்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். தொப்பை கரைந்து, முகம் பளிச்சென்று வந்தார் பிரசிடெண்ட். அம்மா வழியைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பாக்கலாம், பாக்கலாம். கீர நல்லா எளசா கீது. நாளைக்கும் எத்தினு வா" என்றார்.

கீரை அவர் உடம்பை நன்றாகத் தேற்றிவிட்டது. எங்கள் காலனியில் பாதிப் பேரை வரப்பு வழியே கல்லறைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா ஜெபத்தை விடவில்லை, ஆனால் வருஷத்துக்கு வருஷம் குரல் இறங்கி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

போன ஐப்பசியில் அவளையும் அதே சேற்றில்தான் தூக்கிப் போனோம். விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அவ்வளவுதான். தையில் பிரசிடெண்ட்டின் பிள்ளைகள் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றார்கள். மல்லாட்டையும் இல்லை, வரப்பும் இல்லை. கோயிலிலும் இப்போது ஆளுகிறவர்களைப் பேர் சொல்லி யாரும் வேண்டுவதில்லை. மனைகளுக்குப் போட்ட தார்ச்சாலை காலனியையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒட்டியே போகிறது. ஆண்டவர் நீதி செய்துவிட்டார் என்கிறார்கள் காலனியில். இருக்கலாம். எனக்கு அவரோடு வழக்காடத் தெம்பில்லை. அந்தச் சாலையில் செருப்பு நனையாமல் நடந்துபோய் அம்மாவின் தலைமாட்டில் நிற்கும்போது மட்டும் கேட்கத் தோன்றுகிறது: ஒரு மழைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா, ஆண்டவரே?