இரண்டு மணிக்கு முன் ஆய்வுகூடம் இல்லை

நான் பின்னேரப் பள்ளியில் படித்தவள். யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பறை கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் எழும்பிப் போன கதிரைகளில், சூடு ஆறுமுன், பின்னேரம் போய் உட்காருவோம். பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகு பாலாவிப் பக்கம் அதேமாதிரி ஒரு பாடசாலைக்கே ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். அங்கேயும் காலை, பின்னேரம் என்று இரண்டு நேரம்தான். யுத்தம் முடிந்ததை அந்தப் பள்ளிக்கூட மணிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அந்த வருடம் பின்னேரப் பிரிவில் ஆறு பெண்பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் உம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். வேலைக்குப் போகும் வழியில் என்னைக் கண்டால், "டீச்சர், புள்ளைக்கு விஞ்ஞான வகுப்புல இடம் கிடைக்குமா?" என்று கேட்பார். இருந்தது ஒரேயொரு ஆய்வுகூடம். விஞ்ஞான ஆசிரியர்கள் சிலாபத்திலிருந்து வருபவர்கள், இரண்டரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். எந்த வகுப்பு எந்த நேரம் என்று போடும் நேரசூசிக்குள் புகுந்தால் அந்த ஆறு பேருக்கும் உயர்தர விஞ்ஞான வகுப்பு; புகாவிட்டால் கலைப்பிரிவு.

நேரசூசி போடும் வேலையைப் பாடசாலை அதிபர் என்னிடம் தந்தார். பல்கலைக்கழகத்தில் பழகிய ஒருவகை நிரலாக்கம் கைவசம் இருந்தது. எப்படிச் செய்வதென்று அதற்குச் சொல்லத் தேவையில்லை. எதெது கூடாது என்று விதிகளை எழுதிக் கொடுத்தால், பொருந்தும் விடையை அதுவே தேடும். எழுதி ஓடவிட்டேன். 'இல்லை' என்றது. எத்தனை தரம் ஓடவிட்டாலும் அதே ஒற்றைச் சொல்தான், காரணம் சொல்லாது.

தேடலைப் படமாகக் காட்டும் கருவியொன்றை அதனுடன் இணைத்தேன். வகுப்புக்கு ஒரு கட்டம். தெரிவு மிச்சமிருக்கும்வரை பச்சை, ஒன்றும் மிஞ்சாவிட்டால் சிவப்பு. ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்த்தேன். எந்தக் கிளையில் போனாலும் முதலில் சிவப்பது அந்த ஆறு பேரின் கட்டம்தான். அதை அழுத்தினால் தெரிவுகளை அழித்த விதி மூலையில் தெரிந்தது: பின்னேரப் பிரிவுக்கு இரண்டு மணிக்கு முன் ஆய்வுகூடம் இல்லை. இரண்டரைக்கு ஆசிரியர்கள் போய்விட, மிஞ்சுவது அரைமணி நேரம்தான்.

அதிபர் எழுதித் தந்த தாளில் அந்த விதியைத் தேடினேன். இல்லை. யாரும் தராத விதியை நானே போட்டிருந்தேன். பின்னேரப் பிள்ளைகள் காலையில் வாசலைத் தாண்டுவதில்லை என்பது எனக்கு ஒரு விதியாகவே தோன்றவில்லை, சுவர் இருக்கிற இடத்தில் சுவர் இருப்பது மாதிரி இருந்தது. என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது.

விதியை நீக்கினேன். எல்லாக் கட்டமும் பச்சை. காலையில் ஆய்வுகூடம் சும்மா பூட்டிக் கிடக்கும் பாடவேளைகளிலேயே வகுப்பு பொருந்திவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் ஓடினேன்.

"முதல்ல ஏலாதெண்டுதானே சொன்னிச்சு?" என்றார்.

"ஓம் சேர். நான் ஒரு விதியப் பிழையாப் போட்டுட்டன்."

"அது பிழையில்ல டீச்சர். காலையில அகதிப் புள்ளைகள் வந்தா ஊர்ப் பெற்றார் சும்மா இருப்பாங்களா? ஆரும் சொல்லாமலே விளங்கிப் போட்டிருக்கீங்க. அப்பிடியே திருப்பிப் போடுங்க."

என் நியமனம் அப்போது உறுதியாகியிருக்கவில்லை. இடமாற்றம் என்ற சொல்லுக்குப் பயந்தேன். திருப்பிப் போட்டேன்.

பெற்றார் கூட்டத்தில் அதிபர் அந்தச் சிவப்புப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். "நாங்க ஒண்டும் செய்யல்ல. கம்பியூட்டர் எல்லா வழியும் தேடிப் பாத்துட்டு இல்லயெண்டு சொல்லுது." விதி தெரியும் மூலையை மட்டும் வெட்டியிருந்தார். காரணத்தைக் காட்டுகிற கருவியை வைத்தே காரணத்தை மறைக்கலாம் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த உம்மா என்னிடம் வந்தார். உப்பு அரித்த விரல்களால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நீங்களும் எங்கட ஆள்தானே டீச்சர், அதான் உங்கள்ட்டக் கேக்கிறன். நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி. நீங்க பாத்திருந்தாச் சரிதான்" என்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கலைப்பிரிவுப் படிவம் கொடுக்கும் வரிசையில் நின்றார்.