பொம்பா வீட்டில் பால் காய்ச்சிய கதை

மற்றப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்தார்கள், கங்காணிக்குப் பயந்தார்கள். நான் ஒரு வீட்டுக்குப் பயந்தேன். அது என் இடுப்பு உயரம்கூட இருக்காது. தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், எங்கள் அறையில், நான் படுக்கும் பாய்க்கு நேர் எதிரே, ஒரு பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதைச் செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், ரப்பரை அடைத்து அனுப்பும் பெட்டிகளைச் செய்வதுதான் அவர் வேலை. ரப்பருக்கு நல்ல விலை கிடைத்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. விலை ஏறியதில் எங்கள் கஞ்சி கெட்டியாகவில்லை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் கையில் காசும் பொழுதும் மிஞ்சின.

அந்தப் பொழுதில் துரை செய்தது விசித்திரமான காரியம். பெரிய பட்டணங்களில் இருக்கும் பழைய தீயணைப்பு நிலையங்களை, அச்சு அசலாகச் சின்ன அளவில் செய்யச் சொல்லிச் சேர்த்து வைப்பார். சீமையில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் இருந்தார்களாம். ஒருவருக்கொருவர் கப்பலில் அனுப்பி மாற்றிக்கொள்வார்களாம். பங்களா அலமாரியில் லண்டனும் கல்கத்தாவும் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து மாமா சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவ்வளவு பெரிய பங்களா இருக்கு. இன்னும் எத்தனை வீடுதான் வேணுமாம் அந்த மனுசனுக்கு?"

அலமாரியில் ஈப்போ இல்லாத குறையைத் தீர்க்க மாமாவைப் பிடித்தார்கள். துரையின் மோட்டாரில் ஏறி ஈப்போவுக்குப் போன மாமா, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பிடித்து அந்தப் பழைய பொம்பா வீட்டை அளந்து வந்தார். தீயணைப்புக்காரர்களை எங்கள் பக்கம் பொம்பா என்றுதான் சொல்வோம். அப்புறம் மாதக்கணக்கில், வேலை முடிந்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் செதுக்கினார். மீன் டின்னை வெட்டிக் கீல் செய்தார். ரப்பர் பாலில் நூலை முக்கித் தண்ணீர்க் குழாய் செய்தார். உள்ளே நிற்கும் குட்டித் தீயணைப்பு வண்டியில் மாட்டும் மணிக்கு என் கொலுசிலிருந்து ஒரு முத்தைக் கழற்றிக்கொண்டார். வண்டி வெளியே வரும் இரண்டு பெரிய கதவுகளும் நிஜமாகவே திறக்கும். செய்து முடித்த பிறகு அவற்றைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தார். எண்ணெய் கூடப் போடாமல் சத்தமில்லாமல் திறந்ததில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

எனக்கோ அந்த வீட்டின் கோபுரத்தைக் கண்டாலே போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்ளத் தோன்றும். உள்ளே இருட்டு, உச்சியில் கொக்கிகள். எதற்கு என்று கேட்டேன். "நனைஞ்ச குழாயத் தொங்கப் போட்டுக் காய வைக்கிற இடம்லா," என்றார் மாமா. நான் நம்பவில்லை. தொங்கப் போடுவது என்றால் எனக்கு வேறு ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் மரத்தில் தொங்கிய ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் கிசுகிசுத்ததை நான் கேட்டிருந்தேன்.

அந்த வீட்டுக்குக் கூரை ஏறிய அன்றே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

தோட்டத்து மருந்துக்காரர் கசப்பு மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கோபுரத்தைக் காட்டி நான் ஏதோ உளறினேனாம். அம்மாவுக்கு அது போதும். கூரை போட்ட வீட்டில் பால் காய்ச்சாமல் வெறுமனே விட்டால் வேறு ஏதாவது குடிவந்துவிடும், அது பெரிய வீடென்றும் சின்ன வீடென்றும் பார்க்காது என்பது அவள் கணக்கு.

"பொம்மை வீட்டுக்கு யாராவது பால் காய்ச்சுவாங்களா அக்கா? துரை நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு," என்றார் மாமா.

"அது போயிடும். உள்ள வந்தது போகுமா? புள்ளையப் பாரு," என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். என் சொப்பெல்லாம் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் காலை என் சொப்புச் சாமான்களை எடுத்துக் கழுவினார்கள். பட்டாணி அளவு மஞ்சள் துண்டைச் சொப்புப் பானையின் கழுத்தில் கட்டினாள் அம்மா. பக்கத்து அறை அக்காவிடம் ஆட்டுப் பால் வாங்கினாள். வெளியே வைத்துக் காய்ச்சலாம், வார்னிஷ் இன்னும் காயவில்லை என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். வாசலில் காய்ச்சினால் வீட்டுக்குள் காய்ச்சியதாகுமா என்று அம்மா கேட்டாள். மாமா வண்டியை வெளியே எடுத்துவிட்டு, அது நிற்கும் இடத்தில் ஒரு தகரத்தை விரித்து, என் சொப்பு அடுப்பை வைத்தார். அடுப்பில் நாலு மரச்சிராய், ஒரு கட்டிச் சூடம்.

பால் பொங்கியது. அம்மா குலவையிட்டாள். பொங்கிய வேகத்தில் பானை சாய்ந்து அடுப்பைத் தட்டிவிட, எரிகிற சூடம் உருண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் நீலமாக ஒன்று சுவரில் ஊர்ந்தது. அடுத்த நொடி கோபுரம் திரி மாதிரி பற்றிக்கொண்டது. மாமா ஈரச் சாக்கைப் போட்டு அமுக்குவதற்குள் கோபுரமும் இடதுபக்கச் சுவரும் கரியாகிவிட்டன. சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்த பக்கத்து அறை அண்ணன், "பொம்பா வீடே எரிஞ்சா யாரைக் கூப்பிடுறது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

முந்தின வருஷம் ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் தீப்பிடித்தபோது, அதன் காவலாளியைத் துரை எல்லார் முன்னாலும் பிரம்பால் அடித்து, அன்றைக்கே குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டுத் துரத்தினார். அந்த வீட்டுப் பெண், என் வயதுக்காரி, தலையில் பாத்திர மூட்டையோடு செம்மண் பாதையில் போனதை நான் பார்த்திருந்தேன். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அம்மா ஒன்றும் சொல்லாமல் புடவையை விரித்துப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள். அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் காட்டிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். மாமா கண்ணாடிச் சில்லால் கரியைச் சுரண்டிப் பார்த்தார். சுரண்டச் சுரண்டப் பலகை உதிர்ந்தது. என் காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரம்பு மாமாவின் முதுகில் விழும் சத்தம் எனக்கு முன்கூட்டியே கேட்டது.

அன்றைய ரப்பர் பாலை நிறுத்து முடிந்ததும் துரை வந்தார். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றேன். அவருடைய பூட்ஸ்தான் தெரிந்தது. அது கரிந்த கோபுரத்துக்கு நேரே வந்து நின்றது.

"யார் செய்தது?"

"நாந்தாங்க துரை," என்றார் மாமா. அம்மா வாயைத் திறக்குமுன் அவரே எல்லாவற்றையும் சொன்னார். கூரை, பால், சூடம், பிள்ளைக்குக் காய்ச்சல்.

துரையின் முகம் சிவந்தது. கழுத்தும் சிவந்தது. இதோ பிரம்பு என்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது சிரிப்பு. தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமா கையில் இருந்த கண்ணாடிச் சில்லைத் தட்டிவிட்டு, "தொடாதே! இப்படியே நல்லா இருக்கு. ஒருத்தன்கிட்டேயும் இந்த மாதிரி இல்லே!" என்றார். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு அந்தப் பானையோடு வரச் சொன்னார்.

அம்மா மூட்டையைப் பிரித்தாள். அப்பா முதல்தடவையாக மாமாவின் தோளில் கைவைத்தார். எனக்குப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை பானையை ஏந்திக்கொண்டு மாமாவோடு நானும் போனேன். பங்களா வராந்தாவில் துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலிகளில் இருந்தார்கள். நடுவில், கரிந்த பக்கம் முன்னால் தெரியும்படி, எங்கள் பொம்பா வீடு. மாமா குனிந்து அந்தப் பெரிய கதவுகளைத் திறந்து காட்டப் போனார். ஒரு துரைசானி கையை ஆட்டி அவரை விலகச் சொல்லிவிட்டு என் பானையைக் கேட்டாள். பால் எப்படிக் காய்ச்சினீர்கள், குலவை எப்படி இருக்கும், செய்து காட்டு என்று துரை சொன்னார். மாமா செய்து காட்டினார். அம்மாவின் குலவையை ஆண் குரலில் இட்டார். எல்லாரும் சிரித்தார்கள். புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். மறுபடியும் செய்யச் சொன்னார்கள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிரம்பு இல்லை, மூட்டை இல்லை, இத்தனை வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மாமா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் எலும்பு நோகும்படி அப்படி ஒரு பிடி. பாவம், இவருக்கு இன்னும் பயம் போகவில்லை என்று நினைத்தேன். எட்டி அவர் காதருகே சொன்னேன்:

"பயப்படாத மாமா. அவங்க சிரிக்கிறாங்க."